வெற்றிக் கதைக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

பேருந்து நிலையத்துக்கு எதிரில் பிரியாணிக் கடை வைத்திருப்பவர்தான் முதலில் அதை என் முகத்துக்கு நேரே சொன்னார். பேட்டி கேட்டுப் போயிருந்தேன். கல்லாவிலிருந்து எழாமலே கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேணாம்மா. நீ நல்லா இருக்கணும். ரெண்டு பொட்டலம் பிரியாணி கட்டித் தாரேன், வீட்டுக்குக் கொண்டு போ. என்னையப் பத்தி மட்டும் எழுதிராத."

"ஏண்ணே?"

"நீ எழுதுனா ஷட்டர் எறங்கிருமாமே. ஊரே சொல்லுது."

பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிரியாணியை வாங்கிக்கொண்டு வந்தேன். நன்றாகத்தான் இருந்தது. அந்த வாரம் எழுத ஆள் கிடைக்கவில்லை.

வணிகப் பத்திரிகையாளர் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் உடனே எந்தப் பங்கை வாங்கலாம் என்று கேட்பார். எனக்குத் தெரியாது. நான் படித்தது உற்பத்திப் பொறியியல். முதல் வேலை வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையின் தரக் கட்டுப்பாட்டு அறையில். நூல் எந்த இடத்தில் அறுகிறது, ஏன் அறுகிறது என்று பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். அப்போது அத்தா, என் அப்பா, தோல் பதனிடும் ஒரு தோல் ஷாப்பில் மேற்பார்வையாளராக இருந்தார். ஒருநாள் அதை மூடினார்கள். ஏன் மூடினார்கள் என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அத்தாவுக்கே தெரியவில்லை. கழிவுநீர் பிரச்சினை என்றார், ஆர்டர் இல்லை என்றார், பங்காளிகளுக்குள் சண்டை என்றார். நூல் அறுந்ததைப் பார்ப்பது போல நான் அதைப் பார்க்க ஆரம்பித்தேன். விசாரித்து ஒரு கட்டுரையாக எழுதி, ஒரு தமிழ் வணிக வார இதழுக்கு அனுப்பினேன். அதை அவர்கள் வெளியிடவில்லை. ஆனால் வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

சென்னையில் இரண்டு வருடம், நான் பார்த்தே இராத கம்பெனிகளின் காலாண்டு முடிவுகளைத் தமிழில் எழுதினேன். பிறகு அலுவலகத்தைச் சுருக்கினார்கள். அவரவர் ஊரிலிருந்தே எழுதலாம் என்றார்கள். திண்டுக்கல்லில் எங்கள் பேகம்பூருக்குத் திரும்பி வந்தேன். வாரம் ஒரு பக்கம் கொடுத்தார்கள். திண்டுக்கல்லிலும் சுற்றுப்பட்டிலும் சிறிதாகத் தொடங்கி மேலே வந்த ஒருவரைப் பிடித்து, எப்படி வந்தார் என்று எழுத வேண்டும். ஆசிரியர் அதை வெற்றிக் கதை என்பார்.

கட்டுரை வந்ததும் பெரும்பாலானோர் அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து சுவரில் மாட்டுவார்கள். கொஞ்ச நாள் கழித்து அந்தப் பக்கம் போனால் சில இடங்களில் சுவர் இருக்கும், கடை இருக்காது. குஜிலியம்பாறையில் ஆட்டுப்பால் சோப்பு செய்த தம்பதி வெயில் காலத்தில் கிணறு வற்றி ஆடுகளை விற்றார்கள். நாகல் நகரில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போட்டவர் மெஷினோடு திருப்பூர் போய்விட்டார். ஒட்டன்சத்திரத்தில் முருங்கைப்பொடி அரைத்தவர் இப்போது வேறொருவரின் முருங்கைக்காய் லாரிக்கு டிரைவர். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. ஆனால் ஊர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே காரணம் கண்டுபிடித்தது.

எங்கம்மாவும் அதையே சொன்னாள். "கண்ணூறு பட்டா கல்லே தெறிக்கும்டி. ஓம் பேனாவக் கொண்டா, ஓதி ஊதித் தாரேன்."

"நான் லேப்டாப்ல எழுதுறேம்மா."

"அப்ப அதக் கொண்டா."

இதற்கு எனக்கு ஒரு விளக்கம் உண்டு. பிரியாணிக் கடைக்காரரிடம் அதைச் சொல்லும் அளவுக்கு நேரம் கிடைக்கவில்லை. நான் யாரைத் தேர்ந்தெடுக்கிறேன்? நல்ல நிலையில் இருப்பவரை. அதிலும், அவருடைய மிக நல்ல வருடத்தில். முந்தின வருடம் அவரை யாருக்கும் தெரியாது, அதனால் எழுத மாட்டேன். அடுத்த வருடத்துக்குக் காத்திருந்தால் வேறு பத்திரிகை எழுதிவிடும். சரியாக உச்சியில் நிற்கும்போது போய்ப் படம் எடுக்கிறேன். உச்சியில் நிற்பவர் அடுத்து எடுத்து வைக்கும் அடி பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் இருக்கும். நான் எழுதாவிட்டாலும் அவர் இறங்கியிருப்பார். தர்க்கத்தில் பிழை இல்லை. ஆனால் இந்த விளக்கத்தால் யாருக்கும் எந்த ஆறுதலும் இல்லை. எனக்கும்தான்.

இந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து ஒரு பதிப்பாளர் அழைத்தார். என் கட்டுரைகளைப் புத்தகமாகப் போடலாம் என்றார்.

நான் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அன்று முழுக்க வேறு எதையும் யோசிக்கவில்லை. வார இதழ் அடுத்த வாரம் வடை மடிக்கப் போகும். புத்தகம் மாவட்ட நூலகத்தில் ஒரு அலமாரியில் இருக்கும். தோல் ஷாப் ஏன் மூடியது என்று கண்டுபிடிக்கப் போய்த் தொடங்கிய வேலையில், கையில் பிடித்துக் காட்டும்படி இதுவரை எதுவுமே இல்லை. இது ஒன்றாவது இருக்கும் என்று நினைத்தேன்.

பதிப்பாளர் ஒரே ஒரு கூடுதல் வேலை சொன்னார். ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் 'இன்று' என்று ஒரு பத்தி வேண்டும். இப்போது அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று.

தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைத்தேன். சில எண்கள் உபயோகத்தில் இல்லை. சிலர் எடுத்து, "அது அப்பவே விட்டாச்சும்மா" என்றார்கள். பாதிக்கு மேல் அப்படித்தான். பதிப்பாளரிடம் இருக்கிற நிலைமையைச் சொன்னேன். மூடியதையும் அப்படியே எழுதலாமா, ஏன் மூடியது என்று ஆராய்ந்தே ஒரு புத்தகம் எழுதலாமா என்று கேட்டேன்.

"தோத்துப் போறதுக்கு வழி சொல்ல புக்கு எதுக்குங்க? அது அவங்கவங்களுக்கே தெரியும்" என்றார். பிறகு இறங்கி வந்தார். "மெலிசா இருந்தாலும் பரவால்ல. மொத அத்தியாயம் நிலக்கோட்டைப் பூக்கார அம்மா. அட்டையிலயும் அவங்க படம். அவங்க இருந்தா புக்கு. இல்லாட்டிப் பின்னாடி பாப்போம்."

அவரும் சரியாகத்தான் சொன்னார். நான் எழுதியதிலேயே நல்ல கட்டுரை அது. நிலக்கோட்டையில் மல்லிகை மொட்டு வாங்கி, மலர்வதற்குள் பெண்களை வைத்துச் சரமாகக் கட்டி, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் வைத்து, மாலைக்குள் மதுரை விமான நிலையத்துக்கு அனுப்பிய பெண். மறுநாள் அது சிங்கப்பூரில் ஒரு கடையில் தொங்கும். கணவர் வேன் ஓட்டினார். மற்ற எல்லாவற்றையும் அந்தப் பெண் ஒருவரே நின்று செய்தார். படத்தில் பூக்குவியலுக்கு நடுவில், இடுப்பில் கைவைத்து நிற்பார். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைத் தாயி என்பார். சீண்ட நினைத்தால் பாய் வீட்டுப் பிள்ளை என்பார்.

நிலக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். ஷெட்டுக்குப் போய்ச் சேரும்போது பகல். பூ கட்டும் நேரம். அக்கா மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வா தாயி. எளைச்சுப் போயிட்ட. ஒங்க வீட்டுல கறி வாங்குறதில்லையா?"

"வாங்குறாங்கக்கா. யாரையும் காணோம்?"

"முகூர்த்தம் இல்லாத நாளு. எல்லாரும் லீவு."

அந்த ஷெட்டின் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றி, பார்த்து நடக்க வேண்டும். அன்று காய்ந்திருந்தது. கவனித்தேன். லீவு என்றாரே என்று விட்டுவிட்டேன்.

புத்தக விஷயத்தைச் சொன்னேன். அட்டையில் அவர் படம் என்றதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கேட்டார்.

"போடு. வேணாங்கல. ஆனா ஒரு பொட்டு வச்சுப் போடுவியா?"

"என்ன பொட்டுக்கா?"

"பச்சப்பிள்ளைக்குக் கன்னத்துல மை வைப்போம்ல. அழகா இருக்கிற மூஞ்சிய செத்த அழுக்காக்கிட்டா எவ கண்ணும் படாது. அது மாதிரி எனக்கும் ஒரு நஷ்டத்த எழுதிரு. நீ எழுதுன ஆளுகள்லாம் என்ன ஆனாங்கன்னு தெரியும்ல?"

"இல்லாத நஷ்டத்த எழுத முடியாதுக்கா."

"ஏன் முடியாது? யாவாரி எவனாவது யாவாரம் நல்லா இருக்குன்னு சொல்லிக் கேட்டிருக்கியா? எவனக் கேளு, டல்லுன்னுதான் சொல்லுவான். மூட்டை மூட்டையா ஏத்திக்கிட்டே டல்லும்பான். அதுவும் பொட்டுதான்."

இது உண்மை. இந்த ஊரில் வணிகச் செய்தி எழுதுகிறவர் முதலில் படிக்க வேண்டிய பாடமே இதுதான். டல் என்றால் பரவாயில்லை என்று பொருள். ரொம்ப டல் என்றால் நன்றாகப் போகிறது. ஒருவர் என்ன சொன்னாலும் மனத்துக்குள் ஒரு படி ஏற்றி எழுதிக்கொள்வேன். பெரும்பாலும் கணக்குச் சரியாகவே வரும். அப்படி ஏற்றிக் கேட்டுக் கேட்டு, நேராகக் கேட்கும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது.

அதனால் விளையாட்டாகவே பேனாவை எடுத்தேன். "சரி, நீங்களே சொல்லுங்க. என்ன நஷ்டம் எழுதலாம்?"

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சிங்கப்பூருக்கு எடுத்துக்கிட்டு இருந்தவரு இப்ப எங்கிட்ட எடுக்கிறதில்லன்னு எழுது."

"ம்."

"அவரே இங்கன மெயின் ரோட்டுல சொந்தமா ஷெட்டுப் போட்டுட்டாரு. குளுகுளுன்னு பெரிய ரூமு. சேரு டேபிளு எல்லாம் இருக்கு."

"ம். சேரு டேபிளு."

"எங்கிட்ட கட்டுன பிள்ளைகளத்தான் கூட்டிட்டுப் போனாரு. மொதல்ல ரெண்டு பேரு, மாமியாருக்கு ஒடம்பு சரியில்லன்னுச்சுக. பெறகு நாலஞ்சு பேரு. போன் போட்டா எடுக்கல. ஒருநா ஆஸ்பத்திரி ஸ்டாப்புல பாக்குறேன், அந்தக் கம்பெனி வேன்ல ஏறுதுக. நான் தொழில் கத்துக்குடுத்த பிள்ள ஒண்ணு. என்னயப் பாத்ததும் தலையக் குனிஞ்சிருச்சு. வேன் கெளம்பினப்புறம் மெல்ல கையக் காட்டுச்சு."

எழுதிக்கொண்டே வந்தவள் நிறுத்தினேன். இட்டுக்கட்டிய நஷ்டத்தில் யாரும் வேனுக்குள்ளிருந்து கை காட்டுவதில்லை.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். உள்ளூர்க் கல்யாணத்துக்கு மாலை கட்டிக் கொடுத்துப் பார்த்தது. அதற்கு மார்க்கெட்டிலேயே பத்துப் பேர் இருப்பது. பூ போடுகிற தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக மெயின் ரோட்டு ஷெட்டுக்கு மாறியது. வேனை விற்றது. ஒழுங்காக, நடந்த வரிசையில் சொன்னார். நான் கேட்டிருந்தால்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்.

வாசலில் அவர் கணவர் வந்து நின்றார். வெளியே ஒரு ஆள் பைக்கில் காத்திருந்தார்.

"ஐஸ் மிஷினப் பாக்க வந்திருக்காப்ல. ஓட்டிக் காட்டணுமாம்."

"செத்த நேரம் இருக்கச் சொல்லு" என்றார் அக்கா. "பொட்டு வச்சிக்கிட்டு இருக்கோம்ல."

அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் பேனாவை மூடினேன்.

வீட்டுக்கு வந்து 'இன்று' பத்தியை எழுதினேன். ஒரு பத்தியில் அடங்கவில்லை, மூன்று பக்கம் வந்தது. வாங்குகிறவரே போட்டியாளராக மாறுவது, கற்றுக்கொடுத்த தொழிலாளர்களோடு தொழிலும் சேர்ந்து போவது, ஒரே வாடிக்கையாளரை நம்பி வளர்ந்ததே பலவீனமாக ஆனது. இத்தனை வருடத்தில் நான் எழுதியவற்றில் உபயோகமானது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த மூன்று பக்கங்களைத்தான் சொல்வேன். யாராவது அதைப் படித்துவிட்டுத் தொழில் தொடங்கியிருந்தால் ஒரு இடத்தில் நின்று யோசித்திருப்பார்.

எழுதியதைச் சம்பந்தப்பட்டவருக்கு வாசித்துக் காட்டாமல் நான் எதையும் அனுப்புவதில்லை. அக்காவுக்குப் போன் செய்து முழுவதையும் வாசித்தேன். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை கேட்டேன்.

"இருக்கேன், இருக்கேன். இம்புட்டுமா சொன்னேன் நானு?"

"ஆமாக்கா. நீங்க சொன்னதுதான்."

"பொட்டுன்னா சின்னதா வைக்கணும் தாயி. நீ மூஞ்சி பூரா மைய அப்பிட்டியே."

"இதுல எது பொய்யின்னு சொல்லுங்க, எடுத்துர்றேன்."

"பொய்யின்னு ஒண்ணும் இல்ல. ஆனா பொம்பள தனியா நின்னு ஜெயிச்சான்னு இந்த ஊருல என்னயத்தான் காட்டுவாக. வீட்டுக்காரரு தம்பிக்கே இன்னும் வெவரம் தெரியாது. நீ புக்குல போட்டா அந்த வேன்ல ஏறுன பிள்ளைகளும் படிக்கும். ஒண்ணு செய்யி. ஐஸ் மிஷின் ரிப்பேராப் போச்சு, அதனால கொஞ்ச நாளு கஷ்டம், இப்ப சரியாயிருச்சுன்னு போடு. அளவா இருக்கும்."

ஐஸ் மிஷின் என்று மட்டும் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

"ஒனக்குப் புக்கு வரணும்ல தாயி?"

"வரணும்க்கா."

"அப்ப போடு."

அந்த மூன்று பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, எதை எடுத்தால் அக்கா சம்மதிப்பார், எதை விட்டுவைத்தால் எழுதியது உண்மையாக இருக்கும் என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். தரக் கட்டுப்பாட்டு அறையில் இப்படித்தான் செய்வோம், இந்தக் குறையோடு இது தேறுமா தேறாதா என்று. மெயின் ரோட்டு ஷெட்டை எடுத்தால் காரணம் போய்விடுகிறது. காரணத்தை விட்டுவைத்தால் அக்கா போய்விடுகிறார். ரிப்பேரான ஐஸ் மிஷின் மட்டும் மிஞ்சியது. அது ரிப்பேராகவே இல்லை. நன்றாக ஓடியது, அதனால்தான் விலைபோனது.

பதிப்பாளரிடம் பேசினேன். "ஐஸ் மிஷின்னே போடுங்களேன், யாரு வந்து தெறந்து பாக்கப் போறா?" என்றார். கோபமாக இல்லை, உண்மையிலேயே உதவி செய்யும் குரலில்தான் சொன்னார். என்னால் முடியாது என்றேன். "அப்பச் சரி, பின்னாடி பாப்போம்" என்றார். அதன் பிறகு அவர் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. அம்மா மட்டும் சில நாள், "புக்குக்காரரு என்ன சொன்னாரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

அந்தச் சரியான காரணத்தையும் நான் எங்கேயும் வெளியிடவில்லை. அக்கா வேண்டாம் என்றார், அது அவருடையது. ஆக, தோல் ஷாப் ஏன் மூடியது என்று அத்தாவுக்குத் தெரியாமல் போனது போலவே, இதுவும் ஊருக்குத் தெரியாமல் போனது. இதைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருக்கிறவளுக்கு மட்டும் தெரியும்.

வார இதழில் என் பக்கத்தை மாற்றினார்கள். பேட்டி கொடுக்க ஆள் கிடைப்பதில்லை என்று சொன்னதும், தொழில் தொடங்குவோருக்குக் குறிப்புகள் எழுதச் சொன்னார் ஆசிரியர். பெயர் வைப்பது எப்படி, இடம் பார்ப்பது எப்படி, விளம்பரம் செய்வது எப்படி. எழுதுகிறேன். யாரையும் பார்க்கப் போகத் தேவையில்லை.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் அக்கா அழைத்தார். நலம் விசாரித்தார், இன்னும் இளைத்துத்தான் இருக்கிறாயா என்று கேட்டார். பிறகு, "நீ வேலை பாத்த மில்லுல எனக்கு ஒரு எடம் கேட்டுச் சொல்லு தாயி" என்றார்.

"அங்க ஷிப்டுக்கா. நின்னுக்கிட்டே இருக்கணும்."

"நிக்கிறதுக்கு என்ன? நின்னுதான இருந்தேன் இம்புட்டு நாளும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்தா, பூ யாவாரம் பண்ணேன்னு அவுககிட்டச் சொல்லிராத. வீட்டுல சும்மா இருந்தேன்னு சொல்லு. மொதலாளியா இருந்தவள எவன் வேலைக்கு வைப்பான்? நாளைக்கு நம்மளையே கேள்வி கேப்பான்னு நெனப்பான்."

மில்லின் பணியாளர் பிரிவில் எனக்குத் தெரிந்த ஒருவர் இன்னும் இருக்கிறார். அவரை அழைத்தேன். நிலக்கோட்டைப் பக்கம், தெரிந்த குடும்பம், நல்ல உழைப்பாளி என்றேன்.

"முன்னாடி எங்க வேலை பாத்தாங்க?"

"வீட்லதான் இருந்தாங்க."

"எந்த வேலையும் தெரியாதா?"

அக்காவுக்கு என்னவெல்லாம் தெரியும் என்பது எனக்கு மனப்பாடம். மொட்டின் நிறத்தைப் பார்த்தே அது எப்போது விரியும் என்று சொல்வார். ஒரு பெட்டிக்கு எவ்வளவு ஐஸ் என்பதைக் கையால் தூக்கிப் பார்த்தே சொல்வார். விமானம் தாமதமானால் யாரிடம் பேச வேண்டும் என்று தெரியும். நாற்பது பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்.

"தெரியாது சார்" என்றேன்.

"அப்பப் பேக்கிங்ல போடுறேன். திங்கக்கிழமை வரச் சொல்லுங்க."

அக்காவிடம் சொன்னேன். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. நாங்கள் அப்படிப் பேசிக்கொள்வதில்லை. "மத்தியானச் சாப்பாடு அவுகளே போடுவாகளா, நான் கட்டிட்டுப் போகணுமா?" என்று கேட்டார். அதை நான் விசாரித்திருக்கவில்லை. மறுபடி மில்காரரை அழைத்துக் கேட்டேன். கட்டிக்கொண்டுதான் போக வேண்டுமாம்.